ஊசி போட்ட நாய்

எங்கள் மாமா ஆப்பிரிக்காவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவரே அப்படித்தான் சொல்வார். ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் மிருகங்களுக்குத் தடுப்பூசி மருந்து செய்யும் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் வேலை அவருக்கு. அங்கே வெறிபிடித்த நாய் நரியைக் கடிக்கும், நரி மாட்டைக் கடிக்கும், காட்டுநாய்க் கூட்டம் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு மொத்தமாகச் செத்துப்போகும், சிங்கத்தைக்கூட அந்த நோய் விடாது என்று சோற்றைப் பிசைந்தபடி சொல்வார். சிங்கத்துக்கு யார் ஊசி போடுவார்கள் என்று கேட்டேன். ஊர் நாய்களுக்கு ஒழுங்காகப் போட்டாலே காட்டுக்குப் போகிற நோய் குறைந்துவிடும் என்றார். மாமா சொன்ன எதிலும் தப்பிருந்ததில்லை. செய்ததில்தான்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அத்தையும் மாமாவும் எங்களோடுதான் இருந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை. பிள்ளை இல்லாததால் பாசத்தை எனக்குப் பாதியும் தெரு நாய்களுக்கு மீதியுமாகப் பங்கு வைத்திருந்தாள். வீட்டில் எதையும் வீணாக்கக் கூடாது. எலும்புத் துண்டுகூட ஏதாவது ஒரு வாய்க்குப் போய்ச் சேர வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு மே மாதம் மாமா டிபன் பையில் சின்னச் சின்ன மருந்து புட்டிகளோடு வந்தார். ஏர்போர்ட் வெயிலில் கிடந்து ஐஸ் உருகிப்போன பெட்டியாம். மருந்தை அழிக்கச் சொல்லிவிட்டார்களாம்.

"ஒரு புட்டிகூட உடையல. கொட்ட மனசு வரல. நம்ம தெரு நாய்ங்களுக்காவது ஆவட்டும்" என்றார்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் பிஸ்கட் காட்டிப் பிடித்துக்கொள்ள, மாமா குத்தினார். குத்திய நாயின் கழுத்தில் என்னுடைய பழைய பள்ளிக்கூட ரிப்பனைக் கட்டினாள். தெரு முழுக்க மாமா பேச்சுதான். சர்ச்சில்கூட அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். ரிப்பன் நாயோடு எந்தக் குழந்தையும் விளையாடலாம் என்றாகிவிட்டது. குளிர் போன மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம் என்பது, ஐஸ் வைத்துப் பெட்டி கட்டுகிற மனிதருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மழைக்காலத்தில் ஒரு ரிப்பன் நாய், சோறு வைத்த அத்தையின் கையையே கவ்வியது. ஆஸ்பத்திரிக்குப் போக அப்பா ஸ்கூட்டரை வெளியே எடுத்துவிட்டார்.

"நக்கோ மச்சான், வேணாம்! நம்ம ஊசி போட்ட நாய்தானே? எதுக்கு பயப்படுறீங்க?" என்று மாமா தடுத்தார்.

அத்தையும் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அந்த வாரமே அந்த நாய் சாக்கடையோரம் செத்துக் கிடந்தது. லாரி அடித்திருக்கும் என்றார் மாமா. மெய்யாகவே நம்பினாரா, வேலை போய்விடும் என்று பயந்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுடும்போது அத்தைக்கு நாய் கடித்த கை எரிந்தது. மறுநாள் தண்ணீர் டம்ளரைக் கண்டதும் தொண்டை இறுகி, ஃபேன் காற்றுக்கே அலறினாள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். வார்டு வாசலில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் தெலுங்கில் கேட்டார்: எந்த நாய், வளர்ப்பு நாயா, ஊசி போட்டதா?

மாமா தரையைப் பார்த்தார். அத்தைக்கு அந்த நேரம் புத்தி தெளிவாக இருந்தது. யாருடைய நாயோ, மார்க்கெட் பக்கம் கடித்தது, வீட்டில் சொன்னால் திட்டுவார்களென்று மறைத்துவிட்டேன் என்று தெலுங்கிலேயே திக்கித் திக்கிச் சொன்னாள். அப்பா வாயைத் திறக்கப் போனார். அத்தை தலையை ஆட்டி அவரை நிறுத்தினாள். மாமா அதற்குப் பிறகும் உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. ரிப்பன் கட்டிய மற்ற நாய்களோடு தெருப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டேதான் இருந்தார்கள். மாமா பல வருஷம் கழித்து மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனார். நான் போகவில்லை.

அன்று வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். பாவம், குழந்தைக்கு அத்தைமேல் எவ்வளவு பாசம் என்று நர்ஸ் என் தலையைத் தடவினாள். நான் அழுதது வேறு காரணத்துக்கு. அத்தை பொய் சொல்லிவிட்டாள். பொய் சொல்கிறவர்களுக்குப் பரலோகத்தில் இடமில்லை என்று சண்டே கிளாஸில் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வீட்டுக்கு வரப்போவதில்லை என்பது, அத்தை உட்பட, அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.