பனிக்குள் கணவரைத் தேடியபோது

இன்று ஸ்காபரோ பூங்காவில் பனிக்குள் நீளக் கம்பியைக் குத்திக் குத்தித் தேடிக்கொண்டிருந்தேன். பனிச்சரிவில் புதைந்தவரை மீட்கும் பயிற்சி.

நாயோடு நடந்து வந்த அங்கிள் ஒருவர் நின்றார். "என்ன பிள்ளை, தோட்டைத் துலைச்சுப்போட்டீரோ?"

"இல்லை அங்கிள், இவரைத் தேடிப் பழகிறன்."

"அவர் உதில நிக்கிறார்தானே."

கணவர் அங்கிளுக்கு மட்டும் விளக்கினார்: "அடுத்த கிழமை மலையில ஸ்கீயிங் போறம். நான் பனிக்குள்ள புதைஞ்சால் இவதான் பத்து நிமிசத்துக்குள்ள கிண்டி எடுக்கோணும். நான் உடம்பில கட்டிற சிக்னல் கருவியைப் பனிக்குள்ள தாட்டு வைச்சிருக்கிறன். அதின்ர சிக்னலைத் தன்ர கருவியில பிடிச்சுத் தேடுறா."

நான் அதைத் தோண்டி எடுக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது.

அங்கிள் மணிக்கூட்டைப் பார்த்தார். "தம்பி, சண்டை பிடிச்ச நாளில மட்டும் மலைக்குப் போகாதையும்."

நாங்கள் காலையிலிருந்து பேசவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?