தேடினால் கிடைக்காத இணையதளம்

காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றிவந்தவர் அவர். அலுவலகம் மூடப்பட்டபோது வயது நாற்பத்தாறு, மணமாகவில்லை.

"எங்க வீட்டுக்கே வந்துடுக்கா. கடையில கல்லாவுல உக்காந்துக்க. பின்னாடி ரூம் சும்மாதான கிடக்கு" என்றான் வேற்றூரில் இருந்த தம்பி.

அழைப்பில் அன்பு இருந்தது. ஆனால் பிறர் வீட்டுப் பின்னறையில் தம் மீதி நாள்களைக் கழிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆறு மாதம் அவகாசம் கேட்டார். அதற்குள், கடைகளுக்கு இணையதளம் அமைத்துத் தரும் புதுத் தொழிலில் ஒரு வாடிக்கையாளராவது நிலைக்க வேண்டும். இல்லையேல் பெட்டியைக் கட்டிவிட வேண்டும்.

அதற்கான மென்பொருளைத் தேர்ந்தெடுக்க மட்டும் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டார். நோட்டில் கட்டம் போட்டு, விலை என்ன, எதைக் கற்க வேண்டும், விட்டு விலகினால் கையில் என்ன மிஞ்சும் என்று எழுதினார். மாதச் சந்தா கேட்ட சேவைகள் அழகாகத்தான் இருந்தன. படத்தையும் எழுத்தையும் இழுத்து வைத்தால் பக்கம் தயார். ஆனால் சந்தா நின்ற மறுநாள் தளமும் நின்றுவிடும். இலவச மென்பொருளோ படிக்கச் சொன்னது. விலகுவதானால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போகவும் விட்டது. அதையே தேர்ந்தார். பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, முதலில் பக்கத்தை எழுத எச்.டி.எம்.எல்., பிறகு அதை அழகாக்க சி.எஸ்.எஸ்., அதன்பின் படங்களைச் சுருக்கும் விதம் என்று வரிசையாகக் கற்றார். எல்லாம் காசில்லாத காணொளிப் பாடங்கள். பாடம் நடத்தியவர் "புரியுதுங்களா?" என்று கேட்கும்போதெல்லாம், "ம், புரியுது" என்று வாய்விட்டே சொன்னார். சில நாள்களில் அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

முதல் வாடிக்கையாளர், அடுத்த தெருவில் பூட்டுச் சரிசெய்பவர். தளம் வெளியான பின் வருகைக் கணக்கு நாளுக்கு ஏழு, எட்டு என்று காட்டியது. இரண்டு மாதம் கழித்துப் பூட்டுக்காரர் அழைத்தார்.

"அம்மா, நெட்டுல என் கடைப் பேரப் போட்டா எதிர்த்தெரு ஆளு வர்றான், முட்டுச்சந்துல இருக்கிறவன்கூட வர்றான். நான் மட்டும் வரல. பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணுமா?"

வருகைக் கணக்கை விரித்துப் பார்த்தார். அந்த ஏழும் எட்டும் அவரே தம் கைபேசியில் திறந்து திறந்து பார்த்தவை. வேறு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"ஓசியில வர்றது ஓசி மாதிரிதான்க்கா இருக்கும்" என்றான் விவரம் கேட்ட தம்பி. "சந்தாவக் கட்டித் தொலைச்சிருக்கலாம்ல? சரி விடு, ஆறு மாசமும் முடியப்போகுது."

பிழை மென்பொருளுடையதா, தம்முடையதா? அமைப்புப் பக்கங்களை வரிவரியாகப் படித்தார். 'தேடுபொறிகள் இத்தளத்தைத் தவிர்க்கட்டும்' என்றொரு கட்டம். அதில் டிக் இருந்தது. அரைகுறைத் தளம் வெளியே தெரியாதிருக்க, தொடக்க நாளில் அவரே போட்டது. வேலை முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும். பழைய அலுவலகத்தில் டிக் விழுந்த கட்டம் முடிந்த வேலை. விடுபட்ட கட்டத்தைத் தேடுவதுதான் சரிபார்ப்பு. அந்தப் பழக்கத்தில், நாள்தோறும் அந்த டிக்கைக் கண்டு நிம்மதியோடு கடந்து போயிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் இருந்திருந்தால், "இது எதுக்கு?" என்று முதல் நாளே கேட்டிருப்பார்.

டிக்கை நீக்கினார். மென்பொருள்மேல் பழியைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஆயினும் மறுநாள் முற்பகலில் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவன் நான். என்னையே உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களேம்மா! ஒருத்தர் வீட்டுச் சாவிய உள்ளயே வெச்சுட்டு நானும் கதவச் சாத்தியிருக்கேன். நேர்ல வந்து சொன்னீங்கல்ல, போதும். பாப்போம்."

பதினோராம் நாள் புதியவர் இருவர் தளத்தைத் திறந்திருந்தனர். அந்த வாரமே பூட்டுக்காரருக்கு இரண்டு அழைப்புகள். தம் மைத்துனரின் சைக்கிள் கடைக்கும் ஒரு தளம் வேண்டும் என்றார்.

அக்கா தம்பியை அழைத்தார். "நான் இங்கயே இருந்துக்கறேன்டா."

"நல்லா யோசிச்சியாக்கா?"

"யோசிச்சாச்சு."

அவன் கைபேசியைப் பொத்திக்கொண்டு யாரிடமோ சொன்னான். பொத்தியும் அவன் மனைவியின் குரல் கேட்டது: "வரலையா? அப்ப அந்த ரூம்ல பசங்க டேபிளப் போட்டுடலாமா?"

தம்பி பொத்திய கையை எடுத்தான்.

"போட்டுக்கச் சொல்லுடா" என்றார் அவர்.

அதன்பின் கைபேசியை யார் முதலில் வைப்பது என்று இருவரும் காத்திருந்தார்கள்.