பிஸ்டன் மேல் அரிசிமா

பிரிந்திருக்கும் கணவன் மனைவியின் விசா விண்ணப்பம் விரைந்து பரிசீலிக்கப்பட வேண்டும் என்பது விதி. விரைவு என்றால் எவ்வளவு என்று அந்த விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. பின்னாளில் நானும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தி, வயதுக்கு வெகு முன்பே ஓய்வும் பெற்றுவிட்டேன். அளவு சொல்லாத விதியை எழுதியவர் தன் கதிரையில் நிம்மதியாக இருக்க விரும்பியவர் என்று இப்போது விளங்குகிறது. எஞ்சின் கட்டுகிறவர்களின் விதிகளுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் நானும் ரொறன்ரோவுக்கு வந்து, மில்லிக்கனில் மாமா வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் மேல் அறையில் இருந்தோம். அப்பா கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தார். மாமா அம்மாவின் தம்பி. ஊரில் விலங்கியல் படித்தவர், ஒஷாவாவில் ஒரு கார்த் தொழிற்சாலையில் கதவுக் கைப்பிடி பூட்டிக்கொண்டிருந்தார். தவளையை அறுத்துப் பார்த்த கைக்கு எஞ்சினும் ஒரு பிராணிதான் என்பது அவருடைய கட்சி.

அப்படி அவர் அறுத்துப் போட்டது ஒரு பழைய பிக்கப் வண்டியின் எஞ்சினை. எட்டு சிலிண்டர், பிக் பிளாக் என்று சொல்லப்படும் பெரிய உடம்புக்காரன். ஏற்கெனவே பெரிதாக இருந்ததை ஏன் இன்னும் பெரிதாக்க வேண்டும் என்று கேட்டேன்.

"வீடு அதே வீடுதான், பிள்ளை. உள்ளுக்கை நடக்கிற தூரத்தைத்தான் கூட்டப்போறன்."

அதாவது, பிஸ்டன்களை மேலும் கீழும் தள்ளுகிற கிராங்க் தண்டை எடுத்துவிட்டு, கால் அங்குலம் கூடத் தள்ளுகிற ஒன்றைப் போடுவது. அதை ஸ்ட்ரோக்கர் என்பார்கள். புதுத் தண்டு சுற்றும்போது, அதைப் பிஸ்டனோடு இணைக்கிற ராடின் போல்ட்டுகள் பிளாக்கின் அடியில் முட்டும். முட்டுகிற இடத்தை அராவ வேண்டும். பிஸ்டன் மேலே எட்டிப் பார்க்கும். குட்டையான பிஸ்டன் வாங்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் ஒன்பதைத் திருத்த வேண்டிய வேலை. ஸ்கூலில் வாயே திறக்காத நான் கராஜில் அளவுகளை உரத்து வாசித்தேன். கிராங்கின் முனையில் நீண்ட சாவியைப் போட்டுச் சுற்றுவதும் நான்தான். அத்தான் வரும்போது இந்த வண்டியில்தான் ஏர்போட்டில் இருந்து ஏற்றிவருவேன் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே எஞ்சின் ஓடினால் அப்பா வருவார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். விசா அலுவலகத்தின் கணக்கை விட அதில் தர்க்கம் இருந்தது.

கோடை முடிகிற நேரம் ஒரு கடிதம் வந்தது. அப்பாவின் கோப்பு வேறோர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது, அங்கே புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். அம்மா அதை வாசித்துவிட்டு மேலே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவர், பிறகு எழும்பவில்லை. மாமா பாணும் முட்டையும் கொண்டுபோய் வைப்பார். தட்டு அப்படியே திரும்பி வரும். என்னோடுகூட அம்மா பேசவில்லை. இப்படியே போனால் அப்பா வரும்போது அம்மா இருப்பாரா என்று எனக்குப் பயம் பிடித்தது. எஞ்சினை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாமாவை நெருக்கினேன்.

கடைசியில் ஒரு பரிசோதனைதான் மிச்சம். வால்வுகள் திறக்கும்போது பிஸ்டனில் இடிக்குமா என்று பார்ப்பது. பிஸ்டன் தலையில் களிமண்ணை வைத்து, மேல் மூடியைப் பூட்டி, எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டுத் திறந்தால், வால்வு அமுக்கிய தடம் தெரியும். மிக மெல்லிய இடம் ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

"பிள்ளை, குசினியிலை அரிசிமா இருக்கும். எடுத்துக்கொண்டு ஓடி வா."

"பிளாசாவிலை சின்னப் பிள்ளைகளின்ரை களிமண் விக்குது, மாமா."

"அது சரிவராது. மாத்தான் துல்லியம்."

குழாய்த் தண்ணீரை விட்டுக் குழைத்தார். மா பிளந்துகொண்டு நின்றது. அம்மாவிடம் போய் ஏன் வெடிக்கிறது என்று கேட்டுவரச் சொன்னார். நான் படியேறினேன்.

சுவரைப் பார்த்தபடியே அம்மா சொன்னார்: "கொதிதண்ணி விடச் சொல்லு."

பல நாளுக்குப் பிறகு கேட்ட குரல். மாமா கொதிதண்ணீர் விட்டார். இப்போது கூழாகியது. மறுபடி படியேறினேன்.

"வறுத்த மாவோ, பச்சை மாவோ?"

இறங்கிக் கேட்டேன். மாமா பச்சை மா என்றார். பொதியில் வறுத்தது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இந்த மனிதர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றை எப்படி அளந்தாரோ என்று கோபமாக இருந்தது. ஏறிப் போய்ச் சொன்னேன்.

கட்டில் கிரீச்சிட்டது. அம்மா கலைந்த தலையோடு, மாமாவின் பெரிய சொக்ஸை மாட்டிக்கொண்டு கராஜ் வாசலில் வந்து நின்றார்.

"என்னடா உது? மோதகமோ அவிக்கிறாய் உதுக்கை?"

"இல்லையக்கா, வால்வு இடிக்குமோ எண்டு..."

"தள்ளு அங்காலை. விலங்கியல் படிச்சு என்னத்துக்கு, ஒரு மா குழைக்கத் தெரியாது. கையைக் கழுவினனியோ? கிரீஸ் மணக்குது!"

அம்மா குழைத்தார். காது மடல் போல மெத்தென்று வந்தது. பிஸ்டனில் அப்பப் போனவரை மாமா தடுத்து, வால்வில் ஒட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று அப்பாவியாகக் கேட்டார்.

"எண்ணெய் பூசு, மடையா. அச்சுக்குப் பூசிறேல்லையோ?"

மூடியைப் பூட்டினோம். நான் சுற்றினேன், இரண்டு முழுச் சுற்று. எங்கும் இடிக்கவில்லை. திறந்து, பிளேடால் வெட்டி அளந்தபோது போதுமான தடிப்பு இருந்தது. அம்மா அந்த வால்வுத் தடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பசிக்கிறது என்றார். மிச்ச மாவில் அன்று ரொட்டி சுட்டோம். அடுத்த நாளிலிருந்து தினமும் கராஜுக்கு வந்தார். அங்கிருந்த வேலைமேசையில் இருந்தே விசா அலுவலகத்துக்கு எழுதத் தொடங்கினார். பதில் வராத ஒவ்வொரு கிழமையும் முந்தியதைவிடக் காட்டமாக இன்னொன்று போகும். முதல் தடவை எஞ்சின் உறுமியபோது கராஜ் கதவு நடுங்கியது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சில வருடங்களுக்குப் பிறகு ரூஜ் பக்கம் சொந்த வீட்டுக்குப் போகக் கராஜை ஒதுக்கினோம். சாவிகளும் அரங்களும் கிடக்கும் மாமாவின் ஆயுதப் பெட்டியின் அடித்தட்டில் களிமண் பொதி ஒன்று கிடந்தது. பிளாசாக் கடையின் விலைச்சீட்டோடு, பிரிக்கப்படாமல். அன்று அரிசிமாவுக்கு என்னை அனுப்பியபோது அது அந்தப் பெட்டியிலேதான் இருந்திருக்க வேண்டும். மாமாவிடம் காட்டினேன். "உது எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டு, சோபாவின் மறுமுனையைத் தூக்கப் போய்விட்டார். நன்றி சொல்ல வாய்ப்புக் கொடுக்காத ஆள்.

அம்மாவின் காட்டத்துக்குப் பதில், எஞ்சின் உறுமியதற்கு அடுத்த தைப்பொங்கலுக்கு முதல் நாளே வந்திருந்தது, அப்பாவுக்கு விசா என்று.