வாணி வரைந்த வானம்

பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டைமாடிச் சீமெந்து மாலை ஏழு மணிக்கும் உள்ளங்காலைச் சுடும். கடற்காற்றில் உப்போடு பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டரின் டீசல் புகையும் கலந்து வரும். நாடு முழுக்க மின்வெட்டு இருந்த அந்த மாதங்களில், "கரண்ட் போயிட்டுது" என்ற குரல் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் எழுந்ததும், எங்கள் தொடர்மாடியில் எல்லோரும் சினந்துகொண்டு மெழுகுதிரி தேட, பத்தாம் வகுப்பில் படித்த நான் மட்டும் சந்தோஷமாக மேலே ஓடுவேன். கொழும்பு வானத்தில் அவ்வளவு வெள்ளிகளை, அத்தனை நட்சத்திரங்களை, அதற்கு முன் நான் கண்டதில்லை.

மாசியில் உச்சியில் நிற்கும் வேட்டைக்காரன் வெள்ளிக்கூட்டம் சித்திரை முடிய மேற்கே கடலுக்குள் இறங்கிவிடும், ஆனியில் தென்கிழக்கே விருச்சிகம் எழும் என்று சொல்லித் தந்த விஞ்ஞான ரீச்சர், அதை வாரந்தோறும் வரையச் சொல்லியிருந்தா. ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் இன்னொருவரும் தனியாக வரைய வேண்டும். நான் என் பதினொரு வயதுத் தங்கை வாணியைப் பிடித்தேன்.

"மூண்டு வெள்ளி நேராய் நிக்குது, அதுதான் வேட்டைக்காரன்ர இடுப்புப் பட்டி. தெரியுதோ?"

"ஓம் அக்கா."

அவளுடைய தாளில் புள்ளிகள் கண்டபடி கிடந்தன. மூன்றாவது வாரமும் அப்படியே. "எங்க, கையால காட்டு பாப்பம்" என்றேன். வெறும் இருட்டைக் காட்டினாள். "பொய்க்காரி" என்று முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அழுதுகொண்டு இறங்கியவள் படியைத் தவறவிட்டு உருண்டாள். உதட்டுக்குக் கீழே நாடியில் நாலு தையல். "இவள் எப்பவும் இப்பிடித்தான், இருட்டில கவனமில்லை" என்று அம்மா புலம்பியதைக் கேட்ட டொக்டர்தான் எங்களைக் கண் வைத்தியரிடம் அனுப்பினார்.

விழித்திரை நோய் என்றார் அவர். இருட்டில் இவளுக்கு வெள்ளிகள் ஒருநாளும் தெரிந்திருக்காது. இனிப் பகலிலும் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும்.

"இந்தியாவுக்குக் கொண்டுபோனால்?" என்று அப்பா கேட்டார்.

"கொண்டுபோகலாம். அங்கையும் இதைத்தான் சொல்லுவினம்."

அப்பா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் கேட்டேன், ஏன் தெரியுது என்று சொன்னாய் என்று. "எல்லாருக்கும் தெரியுதுதானே. நான்தான் வடிவாப் பார்க்கேல்லை எண்டு நினைச்சன்" என்றாள்.

அதன் பிறகு அம்மா கரட்டும் பொன்னாங்காணியுமாகச் சமைத்தா, கோயில் கோயிலாக நேர்ந்தா. எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் எது நிற்கும் என்று வாணி கேட்கக் கேட்கச் சொன்னேன்; அவள் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தாள்.

இப்போது மின்வெட்டு இல்லை. எங்களுக்கும் கடலுக்கும் நடுவே புதிய மாடிக் கட்டடங்கள் எழுந்து, இரவெல்லாம் வெளிச்சமாக நிற்கின்றன. வாணியின் பார்வை, கை நீட்டும் தூரத்தில் பிடித்த சின்னத் தட்டளவுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்து என் முகத்தைப் பார்ப்பதென்றால் நெற்றியை ஒருதரம், கண்களை ஒருதரம், வாயை ஒருதரம் என்று துண்டு துண்டாகத்தான் பார்க்கிறாள். அவள் பார்த்து முடிக்கும்வரை நான் அசையாமல் இருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.