மூன்று திராவகமும் என் இடது பாதமும்

சம்பா நடவில்தான் முதலில் தெரிந்தது. சேற்றில் நிற்கும்போது இடது குதிகாலுக்குச் சற்று முன்னால் ஒரு கூழாங்கல்லை மிதித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. வரப்பேறி வாய்க்காலில் காலைக் கழுவிப் பார்த்தேன். கல் இல்லை. மறுபடி இறங்கினேன். கல் இருந்தது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம் அது. நான் சுத்துக்கேணியிலிருந்து செல்லிப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பாதத்தில் மரு (தோலில் தொற்றி முளைக்கும் முண்டு) வந்து, அதற்கு எந்தத் திராவகத்தைப் போடுவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று விதத்தைப் போட்டுப் பார்த்தவள் நான். இரண்டைப் போட்டிருக்க வேண்டாம்.

எங்கள் வீட்டிலிருந்து நடவுக்குப் போனவர்கள் இரண்டு பேர். நானும், என் வீட்டுக்காரரின் அக்கா அஞ்சலை அண்ணியும். அண்ணி சின்ன வயதில் புருஷனை இழந்து தம்பியோடு வந்து தங்கிவிட்டவர். நடவு வரிசையில் முதல் இடம் அவருடையது, அடுத்தது என்னுடையது. யாராவது ஒருத்தி ஒரு போகம் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு வீட்டுப் பெண் வந்துவிடுவாள். வந்தவள் அப்புறம் நகர மாட்டாள். அதனால் வலியை வெளியே சொல்லவில்லை. யார் என் காலைப் பார்த்தாலும் புடவையை இழுத்து மூடிக்கொள்கிற சுபாவம் வேறு.

அடுத்த நடவில் அண்ணி கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னாடி, கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்கிற? மீனு புடிக்கப் போறியா?”

வரிசை முழுதும் சிரித்தது. சாயங்காலம் கிணற்றடியில் என் காலைத் தூக்கிப் பார்த்து, இது கால் ஆணி (அழுந்தி அழுந்தித் தோல் இறுகிப்போவது), எல்லோருக்கும் வருவதுதான் என்றார். ஆணி என்றே நானும் நம்பினேன். கிணற்றடியில் கிடந்த சொரசொரப்பான கருங்கல்லில் தினமும் அதைத் தேய்த்தேன். அதே கல்லில்தான் அண்ணியும் குதிகாலைத் தேய்ப்பார்.

முதலில் போட்டது காடி (துரைமார் சமையலில் ஊற்றும் வினிகர்). வில்லியனூர்ச் சந்தையில் பழக்கமான ஒரு கிறிஸ்தவப் பெண், புதுச்சேரியில் துரை வீட்டில் சமைப்பவள், ஒரு சின்னப் புட்டியில் கொடுத்தாள். பஞ்சில் நனைத்து, வேலை முடிந்ததும் துணி வைத்துக் கட்டிக்கொள்வேன். ஒரு மாதம் கட்டினேன். சுற்றியிருந்த நல்ல தோல் வெளுத்து ஊறிப்போயிற்று, எரிந்தது. சோறு புளித்துவிட்டதா என்று என் வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டார். எரிகிறதே, வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல் அப்படியே இருந்தது.

இரண்டாவது, நகை செய்யும் பத்தரிடம் வாங்கிய வெடியுப்புத் திராவகம். தங்கத்தை உரைத்துப் பார்க்க அவர்கள் வைத்திருப்பது. ஈர்க்குச்சி நுனியில் தொட்டு ஒரே ஒரு முறை வைக்கச் சொன்னார். ஒரு மாதம் காடியைக் கட்டிக் களைத்திருந்த எனக்கு ஒரு முறை போதுமென்று தோன்றவில்லை. மூன்று முறை வைத்தேன்.

தோல் மஞ்சளாயிற்று. பிறகு கறுத்தது. நான்காம் நாள் அந்த இடம் குழிந்து சீழ் வைத்து, வீக்கம் கணுக்கால்வரை ஏறியது. காய்ச்சலில் பத்து நாள் பாயில் கிடந்தேன். அண்ணி வேப்பிலைத் தண்ணீர் வைத்துக் கழுவிவிட்டார். திட்டிக்கொண்டேதான் கழுவினார். புண் ஆறியபோது கறுப்பாக ஒரு வடு இருந்தது. அதன் மேல் நின்றேன். அடியில் கல் இருந்தது. பக்கத்தில் சின்னதாக இன்னும் மூன்று.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போகச் சம்மதித்தேன். சந்தை நாளில் வில்லியனூருக்கு வந்து உட்கார்ந்து பார்ப்பவர். நம் ஊர்க்காரர்தான், பிரெஞ்சுப் படிப்பு. ஓர் ஆண்பிள்ளை முன்னால் அந்த வெந்துபோன காலை எப்படி நீட்டுவது என்று மூன்று நாள் யோசித்தேன். நடவுக்கு முன்னால் சேற்றுப்புண் வராமலிருக்க நாங்கள் பாதத்தில் மருதாணி அரைத்துப் பூசுவது வழக்கம். அதைப் பூசினேன். வடு தெரியாதபடி மூன்று சாயங்காலம் கனமாகப் பூசினேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

டாக்டர் பார்த்தபோது பாதம் முழுக்க ஒரே கருஞ்சிவப்பு. அழுத்திக் கேட்டார், வலிக்கிறது என்றேன். திராவகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சந்தையில் சாமான் வாங்கப் போன அண்ணி பக்கத்தில் இல்லை. ஆணியாகத்தான் இருக்கும் என்று மேல்தோலைச் சீவிவிட்டு, அழுந்தாமலிருக்க வளையமாக ஒரு துணிமெத்தை கொடுத்து, சாயம் போனதும் வரச் சொன்னார். சீவிய இடத்தில் ரத்தம் வந்தது. ஒன்றரை மாதத்தில் மூன்று ஏழாயிற்று.

இரண்டாம் முறை அண்ணி கூடவே உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்.

“ஐயா, பத்தருகிட்ட திராவகம் வாங்கி வெச்சிக்கிச்சி. அசிங்கமா கீதுன்னு அதுமேல மருதாணியும் பூசிக்கிச்சி.”

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. வெளுத்த பாதத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆணியை மேலிருந்து அழுத்தினால் வலிக்கும், மருவைப் பக்கவாட்டில் கிள்ளினால் அதிகம் வலிக்கும் என்று கிள்ளிக் காட்டினார். நடுவில் கறுப்புக் கறுப்பாக இருந்த புள்ளிகள் ரத்தக்குழாய் நுனிகள். பாதத்துத் தோலில் ஓடும் கோடுகள் மருவின் மேல் ஓடாமல் சுற்றிக்கொண்டு போகும். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும், தேய்க்கும் கல்லை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மூன்றாவது மருந்து அவர் கொடுத்தது. சாலிசிலிக் அமிலம் (தோலைச் சுடாமல் ஏடு ஏடாக உரிக்கும் திராவகம்), கொலோடியனில் (காய்ந்ததும் மெல்லிய தோலாகப் படியும் பசை) கலந்தது. தினமும் வெந்நீரில் காலை ஊறவைத்து, வெளுத்த தோலைத் தேய்த்தெடுத்து, சுற்றிலும் விளக்கெண்ணெய் தடவி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. மூன்று மாதம். அதுவரை சேற்றில் இறங்கக் கூடாது.

நானாக அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“நடவு இருக்குங்க.”

“நடவு அடுத்த போகத்துக்கும் இருக்கும்மா. கால் இருக்கணுமே.”

அண்ணியும் நானும் வண்டியில் திரும்பினோம். ஊர் எல்லையில், “நீ வூட்லயே கெட. நான் பாத்துக்கறேன்” என்றார்.

அந்த வைகாசி நடவில் என் இடத்துக்கு யாரும் வரவில்லை. அண்ணி தன் பங்கையும் என் பங்கையும் சேர்த்து நட்டார் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரியும். முதலில் வயலில் இறங்கி, கடைசியில் ஏறினாராம்.

நான் வீட்டில் உட்கார்ந்து வெந்நீர் வைத்தேன். இந்த மருந்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எரியாது, புகையாது. பூண்டுத் தோல் மாதிரி ஒரு ஏடு வரும். அடியில் அதே புள்ளிகள். மறுநாளும் அதுதான். ஒரு மாதம் கழிந்து புட்டியைக் கிணற்றில் எறியலாமா என்று தோன்றியது. பத்தரின் திராவகம் ஒரே நாளில் எதையாவது செய்து காட்டியதே என்றுகூட நினைத்தேன். இப்படி நினைப்பு வரும்போது உங்கள் பாதத்தில் என்னுடைய வடு இல்லை என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆனி முடிவில் சின்னவை உதிர்ந்தன. ஆடியில் ஒரு காலை, பெரியதைத் தேய்த்துக் கழுவிப் பார்க்கும்போது புள்ளி ஒன்றுமில்லை. வடுவின் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய கோடு கிளம்பி, மரு இருந்த இடத்தைக் குறுக்கே கடந்து போயிற்று. பிறகு இன்னொன்று. விரலால் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சுமையை இறக்கி வைத்தது போல இருந்தது.

ஆவணியில் சம்பா நடவு. என் இடத்தில் இறங்கினேன். சேறு சேறாகவே இருந்தது, கல் இல்லை. மூன்றாம் நாள் நாற்று முடியை எடுக்கத் திரும்பியபோது அண்ணி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் கிணற்றடிக்கு வெந்நீரும் மீதி மருந்தும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

“இன்னாடி பாக்குற? கொக்குதான்” என்று காலை நீட்டினார்.

வலது பாதத்தில் ஐந்து. சுற்றிலும் தோல் வெடித்திருந்தது.

“எப்பலேர்ந்து அண்ணி?”

“வைகாசிலேர்ந்து.”

“சொல்லியிருக்கலாமே.”

“ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினா எடம் யாருக்குடி?”

யாருடைய மரு யாருக்குப் போயிற்று என்று நாங்கள் பேசியதில்லை. அந்தக் கருங்கல்லுக்குத்தான் தெரியும். விளக்கெண்ணெய் தடவி, ஐந்து சொட்டு வைத்து, காயும்வரை பாதத்தை என் மடியிலேயே வைத்திருந்தேன். கூச்சப்பட்டு அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். விடவில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு பங்கையும் நான் நட்டேன். அண்ணி அளவுக்கு வேகம் வராது. மற்றவர்கள் வரப்பேறி வெற்றிலை போட்டு முடித்த பிறகும் குனிந்திருப்பேன். அவர் பாதத்தில் கோடு திரும்ப மார்கழி ஆயிற்று. அந்த வருஷத்தில் எது எப்போது நடந்தது என்று கேட்டால் எனக்குத் தேதி தெரியாது. உரிந்த தோலை வைத்துத்தான் சொல்வேன்.

அண்ணி போய்ப் பல காலம் ஆகிறது. இப்போது எனக்கு நடவும் இல்லை, சேறும் இல்லை. காலையில் பாயிலிருந்து எழுந்து தரையில் முதல் அடி வைக்கும்போது மட்டும், இடது பாதம் கல் இருக்கிறதா என்று ஒரு கணம் நின்று பார்க்கிறது. இல்லை என்று தெரிந்த பிறகுதான் வலது பாதத்தை எடுத்து வைக்கிறேன்.