மோட்டார் கொட்டகையில் ஒரு சாக்ஸபோன்

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் இது தொடங்கியது. புது ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் இணையத்தில் வெளியாகும். ஜாஸ், புரோகிரசிவ் ராக், எந்த வகையிலும் சேராத சோதனை முயற்சிகள் என்று தேடிப் பிடித்துக் கேட்பேன். கேட்ட நாள், நாடு, வாத்தியம், என் அபிப்பிராயம் எல்லாம் டைரியில் ஏறிவிடும். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் நான். அளக்காமல் எதையும் நம்புவதில்லை.

அன்று கிடைத்த ஆல்பத்தில் ஒரு சாக்ஸபோனும், பின்னால் விடாமல் ஒரு ரீங்காரமும் மட்டும். ஊர் என்ற இடத்தில் திருச்சிராப்பள்ளி என்று இருந்தது. நம் ஊரில் இப்படி வாசிக்க ஆளா என்று முதலில் சந்தோஷம். அரை மணி நேரத்தில் அது சந்தேகமாக மாறிவிட்டது. புகைப்படம் இல்லை. வாசித்தவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரே மாதத்தில் மூன்று ஆல்பங்கள். கம்ப்யூட்டரே பாட்டுப் போட்டுத் தள்ளுகிற காலம் இது.

போனில் சுருதியை அளந்தேன். இரண்டாவது பாட்டில் ரீங்காரம் மெல்லக் கீழே இறங்குகிறது. சாக்ஸபோனும் அதே நொடியில், அதே அளவு இறங்குகிறது. மனிதரால் இப்படிச் சேர்ந்து இறங்க முடியாது என்று முடிவு கட்டினேன்.

திருச்சியில் எங்களைப் போன்ற ரசிகர்கள் இருபது பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஞாயிறுகளில் ஒருவர் வீட்டு மாடியில் கூடிக் கேட்போம். குழுவை நடத்துபவர் அந்த சாக்ஸபோன்காரரைக் கண்டுபிடித்து, ஆடி கடைசி ஞாயிறு எங்கள் முன் வாசிக்க அழைத்திருந்தார். நான் ஐந்து காரணங்களை எண் போட்டு எழுதி, இது மெஷின் செய்த இசை, வருகிறவர் ரெக்கார்டை ஓடவிட்டு விரலை மட்டும்தான் அசைப்பார் என்று குழுவில் போட்டேன். என் டைரிமேல் எல்லோருக்கும் நம்பிக்கை. மறுநாளே அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு போய் இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு போன். “மேடம், அந்த ஆல்பம் போட்டது நான்தாங்க. மெஷின்னு எழுதினீங்களாமே. ஜீயபுரத்துக்கு ஒரு நடை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.” இவ்வளவு பணிவாகக் கூப்பிடுகிறாரே என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

மறுநாள் காலை சத்திரம் பஸ் நிலையம் போய் பஸ் மாறினேன். வாழைத் தோப்பு நடுவே ஒரு மோட்டார் கொட்டகை. கல்யாண பேண்ட் செட்டில் வாசிக்கிற முப்பது வயதுக்காரர் சாக்ஸபோனோடு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. ஸ்பீக்கர் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

“நல்லா குனிஞ்சு பாருங்கக்கா. அடியில யாராச்சும் உக்காந்து ஊதிக்கிட்டு இருப்பாங்க” என்றார் மனைவி.

“ஏய், சும்மா இரு” என்று அவரை அடக்கிவிட்டுக் கணவர் மோட்டாரைப் போட்டார்.

ஆல்பத்தில் கேட்ட அதே ரீங்காரம். அதன் மேல் வாசிக்க ஆரம்பித்தார். சற்று நேரத்தில் அக்கம்பக்கத்துத் தோப்புகளிலும் மோட்டார்கள் ஓட, வோல்டேஜ் குறைந்து சத்தம் தொய்ந்தது. அவர் கண்ணை மூடி, உதட்டைத் தளர்த்தி, அதோடு கூடவே இறங்கினார். என் போனில் சுருதி காட்டும் இரண்டு கோடுகளும் ஒன்றாகச் சரிந்தன.

“தெனம் கேக்குற சத்தம்தாங்க. எப்பத் தொய்யும்னு காதுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார்.

ஒரே மாதத்தில் மூன்று ஆல்பங்கள் எப்படி என்று கேட்டேன். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏங்க்கா, ஸ்ரீரங்கத்துலதானே இருக்கீங்க? ஆடியில யாரு கல்யாணம் வைப்பா? மாசம் பூரா இவரு இந்தக் கொட்டகையே கதின்னு கெடந்தாரு.”

அன்று சாயங்காலமே ஐந்து காரணங்களும் தவறு என்று குழுவில் எழுதினேன். மீண்டும் அழைக்கச் சொன்னேன். எல்லோரும் நாள் பேசி முடிப்பதற்குள் ஆவணி பிறந்துவிட்டது. நானே அவரைப் போனில் கூப்பிட்டேன்.

“இனிமே முகூர்த்தம் வரிசையா இருக்குங்க மேடம். கல்யாணத்துல சினிமா பாட்டுதான் கேப்பாங்க. நம்ம வாசிப்ப நாலு பேரு உக்காந்து கேக்கப் போறாங்கன்னு அன்னிக்குப் புதுச் சட்டையெல்லாம் தேச்சு வெச்சிருந்தேன். பரவால்லங்க, பாக்கலாம்.”

அதற்குப் பிறகு அவர் எங்கள் மாடிக்கு வரவில்லை. இணையத்திலும் அந்த மூன்றுக்கு மேல் நான்காவது வரவில்லை. அரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்த ஒரு மனிதரைப் போய்ப் பார்க்காமல் நான் எழுதிய அந்த ஐந்து வரிகள், ஒருவருடைய முதல் கச்சேரியை எடுத்துக்கொண்டன என்பதை, முகம் தெரியாத யாருடைய புது ஆல்பத்தைக் கேட்கும்போதும் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.