கொய்யா ஈ, ஆரஞ்சு ஈ

பக்கத்துத் தோட்டக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்தியது கார்த்திகை மாத ஊர்க்கூட்டம் முடிந்த மறுநாள். அதுவரை மாதத்தில் இருபத்தாறு, இருபத்தேழு நாள் வந்துவிடுவார். காலை ஆறே முக்காலுக்கு மாட்டைக் கட்டிவிட்டு வேலியோரம் நின்று, "சார், எந்திரிச்சாச்சுங்களா?" என்பார். நான் எழுந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். சராசரியாகப் பத்து நிமிஷம் பேசுவார். அது போனால் அந்த நாளில் எனக்கு வேறு பேச்சு கிடையாது. மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சிக்னல் கிடைத்தால் நான்கு நிமிஷம்.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவன். அதில் கடைசி ஒன்பது வருஷம் கொல்லிமலையில். வயலில் கயிறு பிடித்துச் சதுரம் போட்டு, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து எடைபோட்டு, அதை வைத்து மலை முழுவதற்கும் விளைச்சல் சொல்வது என் வேலை. ஓய்வு பெற்றதும் மலைமேலேயே பெரக்கரை நாடு என்ற பகுதியில் ஒரு சின்ன வீட்டை வாங்கி மனைவியும் நானும் இங்கேயே தங்கிவிட்டோம். இரண்டாம் வருஷம் அவள் இறந்துபோனாள். அதன் பிறகாவது நான் கீழே போயிருக்கலாம். மலைப்பாதையின் எழுபது வளைவும் என் வயிற்றுக்கு ஆகாது என்று மகளிடம் சொன்னேன். கீழே யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் இருந்தது. வீட்டோடு சேர்ந்து வந்தது. சர்க்கரை வியாதியால் நான் பழத்தைத் தொடுவதில்லை. பழம் தானாகப் பழுத்துத் தானாக விழும். தகரக் கூரையில் விழுந்தால் ஒரு சத்தம், மண்ணில் விழுந்தால் ஒரு சத்தம். உள்ளே உட்கார்ந்தபடியே எண்ணுவேன். காய்ப்பு நாளில் பகலுக்குப் பதினெட்டு. என் வீட்டில் நான் செய்யாமல் தானாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

பக்கத்துத் தோட்டக்காரருக்கு வேலிக்கு அந்தப் பக்கம் பதினோரு கமலா ஆரஞ்சு மரங்கள். ஐப்பசியில் ஒரு நாள் பிளந்த பழம் ஒன்றைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இதப் பாருங்க சார். ஏழு புழுங்க."

"ஒன்பது" என்றேன்.

"ஒம்பதாவே இருக்கட்டுங்க. எல்லாம் உங்க கொய்யாவுல பொறந்த ஈ வேலி தாண்டி வந்து வெச்ச முட்டைங்க. அந்த மரத்த வெட்டிப் போடுங்க. நீங்க திங்கறதும் இல்ல, விக்கறதும் இல்ல."

"என் மரத்து ஈதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"வேற யாரூட்டு ஈங்க? ஈ முதுகுல என்ன ஊட்டு நம்பரா ஒட்டியிருக்கு?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரம் போய்விட்டால் பகலில் நான் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது? அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டு நம்பரைக் கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாளிகளில் மணல் போட்டேன். ஒன்றில் என் கொய்யாப் பழங்கள், மற்றதில் அவர் மரத்தடியில் உதிர்ந்த ஆரஞ்சுகள். மேலே பழைய வேட்டித் துணி. புழு வளர்ந்ததும் பழத்தை விட்டு மணலுக்குள் இறங்கி, அரிசி அளவுக் கூடாக மாறும். பிறகு கூட்டைத் திறந்துகொண்டு ஈ வரும். செம்பழுப்பு உடம்பு, முதுகில் இரண்டு மஞ்சள் கோடு, பெட்டைக்குப் பின்னால் முட்டை வைக்க ஓர் ஊசி. ஓர் ஈயை அளப்பது கடினம். இருபது ஈயைத் தலையும் வாலும் தொடும்படி கிராஃப் தாளில் வரிசையாக ஒட்டி மொத்தமாக அளந்தேன். கொய்யா ஈ இருபது சேர்ந்து பதினைந்து சென்டிமீட்டர். ஆரஞ்சு ஈ இருபது சேர்ந்து பதின்மூன்று. நான்கு நான்கு வரிசை ஒட்டினேன். நூற்றறுபது ஈ. எந்த வரிசையும் மாறிப் பேசவில்லை.

அதை ஓர் அட்டையில் ஒட்டி ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். மரத்தை வெட்டச் சொல்லி அவர்தான் அங்கே முறையிட்டிருந்தார். அட்டை கைமாறிக் கைமாறிப் போயிற்று.

"செத்த ஈயக்கூட விடாம வரிசையில நிக்க வெச்சுட்டாரு சார், ரேஷன் கடையில நம்மள நிக்க வெச்ச மாதிரி" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

தோட்டக்காரர் மட்டும் அட்டையைக் குனிந்து பார்த்தபடி, "சின்ன ஈ வளந்தா பெரிய ஈ ஆவாதுங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆகாது. இறக்கை முளைத்தபின் ஈ வளராது. பிறந்த அளவுதான் சாகும்வரை. இது வேறு வம்சம், அது வேறு வம்சம். என் மரத்து ஈக்கும் உங்கள் ஆரஞ்சுக்கும் சம்பந்தம் இல்லை."

முப்பத்து மூன்று வருஷம் அதிகாரிகளிடம் பேசிய குரலில் பேசினேன். ஊர்ப் பெரியவர், "படிச்சவங்க அளந்து சொல்றாங்க. மரம் இருக்கட்டும்" என்று முடித்தார். வீட்டுக்கு வரும்போது நடை கொஞ்சம் வேகமாகவே இருந்தது.

மறுநாள் ஆறே முக்காலுக்கு வேலியோரம் யாரும் இல்லை. ஏழு, ஏழே கால். அடுத்த நாளும் இல்லை. தோற்ற கோபம், தணியட்டும் என்று விட்டேன்.

மூன்றாம் நாள் சும்மா இருக்க முடியாமல் இன்னொரு சோதனையைத் தொடங்கினேன். கொய்யா ஈ ஆரஞ்சைத் தொடவே தொடாது என்று காட்டிவிட்டால் அவர் வாயே திறக்க முடியாது என்று கணக்கு. கொசுவலையை ஒரு சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டி, என் கொய்யாவில் பிறந்த ஈக்கள் நாற்பதை உள்ளே விட்டேன். சர்க்கரைத் தண்ணீரும் சத்துமாவுக் கரைசலும் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பக்கம் கொய்யா, மறுபக்கம் கடையில் வாங்கிய ஆரஞ்சு. இரண்டிலும் குத்துப்பட்ட பழம் இல்லை என்று லென்ஸ் வைத்துப் பார்த்தே வைத்தேன்.

அவை இரண்டிலும் ஊசி குத்தின. கொய்யாவில் அதிகம், ஆரஞ்சில் குறைவு, ஆனால் குத்தின. பழங்களைத் தனித்தனி வாளிக்கு மாற்றினேன். குளிர் காலம், கூடு திறக்க நாள் எடுத்தது. தொடங்கியதிலிருந்து நாற்பத்தாறாம் நாள் கிராஃப் தாளில் ஒட்டினேன். கொய்யாவில் வளர்ந்தவை இருபது சேர்ந்து பதினைந்து சென்டிமீட்டர். ஆரஞ்சில் வளர்ந்தவை பதின்மூன்று.

இரண்டுக்கும் தாய்கள் அதே ஈக்கள்தான். வம்சம் ஒன்றேதான். தாய் எந்தப் பழத்தில் குத்தினாளோ அந்தப் பழத்தின் சாப்பாட்டில் பிள்ளையின் நீளம் முடிவாகிவிடுகிறது. ஒரே விதை மேட்டில் முழங்கால் உயரமும் பள்ளத்தில் இடுப்புயரமும் வளர்வதைப் படிவம் படிவமாக எழுதியவன் நான். ஈ விஷயத்தில் அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு வேண்டிய விடை வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

வாளியை மண்ணில் கவிழ்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மூன்று நாள் அதையே யோசித்தேன். மரத்தில் கடைசிப் பழங்கள் விழுந்துகொண்டிருந்தன. எண்ணிக்கை மனதில் நிற்கவில்லை. நான்காம் நாள் காலை தாளை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி வாசலில் காப்பிக்கொட்டையைக் காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இன்னிக்குத்தான் எங்கூட்டுக்கு வழி தெரிஞ்சுதுங்களா?"

"அவர் கோபமாக இருப்பாரே என்று..."

"கோவமா? நல்லாச் சொன்னீங்க போங்க. கூட்டத்துல தோத்தவங்க ஜெயிச்சவங்க ஊட்டுப் பக்கம் போகக்கூடாதுங்க. ஜெயிச்சவங்கதான் மொதல்ல வந்து தண்ணி கேட்டுக் குடிக்கோணும். அப்பத்தான் சண்ட தீந்துதுன்னு கணக்கு. மனுசன் தெனமும் காலையில சொம்ப வெச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருக்குறாரு. நீங்க எட்டிக்கூடப் பாக்கல."

ஐம்பத்திரண்டு நாள். இந்த மலையில் வேலை செய்த காலத்தையும் குடியிருந்த காலத்தையும் கூட்டினால் பதினைந்து வருஷம். இந்த வழக்கம் நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை.

குரல் கேட்டு அவர் வெளியே வந்தார். கையில் சொம்பு. "குடிங்க சார்" என்று நீட்டினார். நான் வாங்காமல் தாளைக் காட்டிச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். இரண்டு வரிசையையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப என் தோட்டத்துக்கு வர்றது உங்க ஈதானுங்களா?"

"என் ஈயாக இருக்கலாம். இல்லவே இல்லை என்று நான் சொன்னது தப்பு."

"அட, என்ன சார் நீங்க. ஊரையே நம்ப வெச்சீங்களே. நானே நம்பிட்டேனுங்க." தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அப்ப இப்ப ஜெயிச்சது நானுங்களா?" என்றார்.

"ஆமாம்."

சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அப்ப இது செல்லாதுங்க. நான்தான் உங்கூட்டுக்கு வரோணும்."

"ரெண்டு கெழடும் நல்லா வெளையாடுங்க" என்றார் அந்த அம்மா, கொட்டையிலிருந்து காலை எடுக்காமல்.

"மரத்தை நாளைக்கே ஆள் வைத்து வெட்டிவிடுகிறேன்" என்றேன். வேண்டாம் சார் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பதினோரு மரம் வைத்திருப்பவர் எப்படிச் சொல்வார்?

இரண்டு ஆள், நாற்பது நிமிஷம். கிளைகளை அவரே இழுத்துப் போட்டார். முடிந்ததும் என் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். இரண்டு டம்ளர் குடித்தார். அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, சொன்னது தவறு என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது வருகிறார். மாதத்தில் பத்தொன்பது, இருபது நாள். வாசலூர்பட்டி ஏரிக்கு எத்தனை சுற்றுலாக் கார் போயிற்று, எத்தனை மில்லிமீட்டர் மழை என்று நான் சொன்னால், முன்பு போல "அப்படிங்களா" என்பதில்லை. "நெசமாங்களா சார்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறார். கேட்டதும் நான் உள்ளே போய் நோட்டை எடுத்து, மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு வருவேன். சில நாள் அதற்குள் அவர் போயிருப்பார்.